கணக்குத் திறக்கும் முன்: கேம் தளங்களில் எது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

ஒரே கேமைப் பல இடங்களில் வாங்க முடிகிற காலம் இது. கணினியில் ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று கடைகள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ என்று கன்சோல்கள் இருக்கின்றன. கைபேசியில் இலவச கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதையும் நிறுவாமலே ஆடவைக்கும் கிளவுட் சேவைகளும் வந்துவிட்டன. விலை என்ன, நண்பர்கள் எங்கே ஆடுகிறார்கள் என்ற இரண்டைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி: நம்மைப் பற்றி என்னென்ன வெளியே போகிறது, அது யாரிடம் தங்குகிறது, போதும் என்று கிளம்பும்போது எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும்.

எந்த நிறுவனம் யோக்கியம் என்று தேடினால் விடை கிடைக்காது. பெரிய பெயர்களில் பலவற்றின் மீதும் ஒரு கசிவோ ஓர் அபராதமோ பதிவாகியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் ஒப்பீடு தெளிவாகிவிடுகிறது. இந்தக் கேமுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அது ஓடும் கருவியில் நம்முடையது வேறு என்னவெல்லாம் இருக்கிறது? கீழே சொல்லப்போவது முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

ஆட்டத்திலிருந்து என்ன தெரிந்துவிடும்?

மின்னஞ்சல், பிறந்த தேதி, அட்டை எண் ஆகியவற்றைக் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். கொடுக்கிறோம் என்று உணராமலே கொடுப்பது ஆட்டத்தின் பதிவை. எத்தனை மணிக்கு உள்ளே வந்தீர்கள், எந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றீர்கள், தோற்றதும் மூடிவிட்டுப் போனீர்களா, காசு கொடுத்து அந்தக் கட்டத்தைத் தாண்டினீர்களா, யார் கூட இருந்தால் நீண்ட நேரம் ஆடுகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சில மாதப் பதிவு கையில் இருந்தால், ஒருவர் தூங்கும் நேரத்தையும் எரிச்சலில் செலவு செய்கிற பழக்கத்தையும்கூட ஊகித்துவிடலாம்.

இது மிகையான பயம் இல்லை. 2017இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. ஓர் ஆட்டக்காரரை யாருடன் மோதவிட்டால் அவருக்குக் கேமுக்குள் பொருள் வாங்கத் தோன்றும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. எந்தக் கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. அதை ஏற்றுக்கொண்டாலும், ஆட்டப் பதிவை வைத்து என்ன செய்யலாம் என்று இந்தத் தொழில் எந்தத் திசையில் யோசிக்கிறது என்பதற்கு அந்தக் காப்புரிமையே எழுத்துச் சான்று.

மெய்நிகர் தலைக்கவசம் போட்டு ஆடுபவர்களுக்கு நிலைமை இன்னும் ஒரு படி மேலே. 2023இல் வெளியான, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு, பீட் சேபர் என்ற மெய்நிகர் கேமை ஆடிய 50,000க்கும் மேற்பட்டவர்களின் தலை அசைவையும் கை அசைவையும் எடுத்துப் பார்த்தது. 100 விநாடி அசைவை வைத்தே, இது இன்னார் என்று 94 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. பெயரும் மின்னஞ்சலும் மறைத்துவிட்டோம், இனி இது அடையாளமற்ற தரவு என்று ஒரு நிறுவனம் சொன்னால், அசைவுத் தரவைப் பொறுத்தவரை அந்தச் சொல்லை நம்புவதற்கில்லை.

கணினிக் கடைகள்

ஸ்டீமிலிருந்து தொடங்குவோம். கேமுக்கு நாம் பணம் கொடுக்கிறோம், அதில் ஒரு பங்கு கடைக்குப் போகிறது. வருமானம் இப்படி நேராக வருவதால், நம்மைப் பற்றிய தகவலை விளம்பரக்காரர்களுக்கு விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஆனால் எந்தக் கேமை எத்தனை மணி நேரம் ஆடினோம் என்பது முழுதாகப் பதிவாகிறது. 2018 ஏப்ரல் வரை அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படிதான் இயல்பு அமைப்பு இருந்தது. அந்த மாதம் அதை மறைத்துவைப்பதே இயல்பு என்று மாற்றினார்கள். நண்பர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு கேமாக மறைக்கும் வசதி 2024இல் வந்தது. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் தனியுரிமைப் பக்கத்தை ஒருமுறை திறந்து, எது யாருக்குத் தெரிகிறது என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் 2015 கிறிஸ்துமஸ் அன்று ஒரு கோளாறு நடந்தது. தாக்குதல் ஒன்றைச் சமாளிக்க அவசரமாகச் செய்த மாற்றத்தில் பிழை நேர்ந்து, ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவர் திரையில் தெரிந்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. சிலருடைய முகவரியும் வாங்கிய பட்டியலும் அந்தப் பக்கங்களில் இருந்தன. திருடன் உள்ளே வந்துதான் தகவல் வெளியே போக வேண்டும் என்றில்லை. சேர்த்துவைத்திருப்பதே ஓர் ஆபத்து.

எபிக் கடையின் கதை வேறு. 2019இல் அதன் லாஞ்சர் (கடையின் கேம்களைத் தரவிறக்கித் திறக்க நிறுவும் மென்பொருள்), கணினியில் இருக்கும் ஸ்டீமின் கோப்பு ஒன்றைப் படித்து நகலெடுத்துவைப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். நண்பர் பட்டியலைக் கொண்டுவர அனுமதி கொடுத்தால் மட்டுமே அதிலிருந்து எதுவும் அனுப்பப்படும் என்று நிறுவனம் விளக்கியது. அனுமதி கேட்பதற்கு முன்பே நகலெடுத்தது சரியில்லை என்பதையும் பிறகு ஒப்புக்கொண்டது. என் கணினியில் ஒரு கடையின் மென்பொருள் இன்னொரு கடையின் கோப்பைத் திறந்து பார்க்க முடியும் என்பதைப் பலர் அன்றுதான் யோசித்திருப்பார்கள். லாஞ்சர் எண்ணிக்கை கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது. இலவச கேம் தருகிறார்கள் என்பதற்காக ஐந்து லாஞ்சரை நிறுவிவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கடையை விடக் கேமே அதிகம் பேசுகிற சந்தர்ப்பமும் உண்டு. 2018இல் ரெட் ஷெல் என்ற கண்காணிப்புத் துணுக்கு பல கேம்களுக்குள் இருப்பது தெரியவந்தது. எந்த விளம்பரத்தைப் பார்த்து இந்தக் கேமை வாங்கினோம் என்று கண்டறிவதுதான் அதன் வேலை. ஆட்டக்காரர்கள் எதிர்த்துப் பேசிய பிறகு பல நிறுவனங்கள் அதை அகற்றின. 2025 ஏப்ரலில் நாய்ப் என்ற ஐரோப்பியத் தனியுரிமை அமைப்பு யூபிசாஃப்ட் மீது ஆஸ்திரியாவில் ஒரு புகார் கொடுத்தது. ஃபார் கிரை பிரைமல் தனியாக ஆடும் கேம். எதிராளியும் கிடையாது, கூட்டாளியும் கிடையாது. அதை ஆட இணையமும் கணக்கும் ஏன் கட்டாயம் என்பது புகாரின் மையம். 10 நிமிட ஆட்டத்தில் அது 150 முறை வெளி சர்வர்களைத் தொடர்புகொண்டதாக அந்தப் புகார் சொல்கிறது. கேமை வாங்கியது ஸ்டீமில். கடை அமைதியாக இருந்தாலும் கேம் அமைதியாக இருக்கும் என்ற உறுதி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே கணினியில் வாங்கும்போது கடைப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துக் குறிப்புகளைப் படியுங்கள். வேறொரு நிறுவனத்தின் கணக்கு தேவை என்று போட்டிருந்தால், ஒரே கேமுக்கு உங்கள் தகவல் இரண்டு இடத்தில் தங்கப்போகிறது என்று பொருள். ஹெல்டைவர்ஸ் 2 கேமை ஏற்கெனவே வாங்கிய கணினி ஆட்டக்காரர்கள் பிளேஸ்டேஷன் கணக்கையும் இணைத்தாக வேண்டும் என்று 2024 மே மாதம் சோனி அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து எதிர்மறை விமர்சனங்களைக் குவித்ததும் சில நாட்களிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்புக்குப் பலன் உண்டு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்ட செய்தி அது.

ஜிஓஜியை ஏன் முதலில் வைக்கிறேன்

ஜிஓஜியில் கணக்கு திறக்க மின்னஞ்சல் வேண்டும், வாங்கப் பணம் கட்ட வேண்டும். அதுவரை மற்ற கடைகளைப் போலத்தான். வித்தியாசம் அதற்கப்புறம் வருகிறது. கேமின் இன்ஸ்டாலர் கோப்பைத் தரவிறக்கி ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். லாஞ்சர் தேவையில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவலாம், ஆடலாம், வேறு கணினிக்கும் கொண்டுபோகலாம். எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாதபடி அமைந்திருப்பதுதான் இதன் அழகு. தனியுரிமைக் கொள்கையில் எழுதப்படும் வாக்குறுதிகள் நாளைக்கு மாறலாம். உங்கள் வன்தட்டில் இருக்கும் கோப்பு மாறாது. கடை ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் தனிநபர் தகவலைக் காக்கும் அதன் ஜிடிபிஆர் சட்டத்துக்கும் அது நேரடியாகக் கட்டுப்பட்டது.

குறையும் உண்டு. புதிய பெரிய கேம்களில் பல இங்கே தாமதமாக வருகின்றன, சில வருவதே இல்லை. நண்பர்களுடன் சேர்ந்து ஆடும் வசதிக்குப் பல கேம்களில் கேலக்ஸி என்ற லாஞ்சர் தேவைப்படும். அந்த லாஞ்சரில் ஸ்டீம், பிளேஸ்டேஷன் முதலிய கணக்குகளையும் இணைத்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம் என்பது அதன் பெருமை. தனியுரிமைக்காக இங்கே வருபவர்கள் அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது. தனித்தனியாகக் கிடந்த பதிவுகளை நாமே ஒன்றுசேர்த்துக் கொடுப்பதாக ஆகிவிடும்.

சிறு படைப்பாளிகளின் கேம்கள் பிடிக்கும் என்றால் இட்ச்.ஐஓ என்ற கடை இருக்கிறது. இலவசமாக வைக்கப்பட்டிருக்கும் கேம்களில் பெரும்பாலானவற்றைக் கணக்கே இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

கெர்னல் வரை போகும் ஆன்டி-சீட்

போட்டி கேம்களில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்க ஆன்டி-சீட் மென்பொருள் தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏமாற்றுக்காரன் ஒருவன் புகுந்தால் ஆட்டம் பாழ். கேள்வி, அந்த மென்பொருளுக்கு எவ்வளவு ஆழம் வரை அனுமதி கொடுப்பது என்பதில் இருக்கிறது. 2020இல் வேலரன்ட் கேமோடு வந்த வான்கார்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிலையில் ஓடுகிறது. கேமைத் திறக்கும்போது மட்டும் இல்லை, கணினியை இயக்கும்போதே அது எழுந்துவிடும். 2024இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமுக்கும் அது கட்டாயமானது. வாசலில் நிற்க வேண்டிய காவலாளிக்கு எல்லா அறைகளின் சாவியையும் கொடுத்துவிட்டு, அவர் எங்கள் ஆட்டக் கூடத்தை மட்டும்தான் பார்ப்பார் என்று நம்புவது போன்றது இது. அவர் நல்லவராகவே இருக்கலாம். சாவிக்கொத்து வேறொருவர் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

அப்படிச் சிக்கியும் இருக்கிறது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை (கெர்னல் நிலையில் ஓடும் அதன் நிரலை), கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைத்தொகை கேட்கும் இணையக் கும்பல் ஒன்று வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கப் பயன்படுத்தியதை 2022இல் டிரெண்ட் மைக்ரோ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட கணினியில் அந்தக் கேம் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இயங்குதளம் நம்பி ஏற்கும் டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவர் என்பதால் தாக்குபவரே அதைக் கொண்டுவந்து நிறுவினால் போதும்.

2024 அக்டோபர் முதல், கெர்னல் நிலை ஆன்டி-சீட் இருந்தால் அதைக் கடைப் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஸ்டீம் விதி கொண்டுவந்தது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய வரிகளில் முதன்மையானது இது என்பேன்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி முக்கியமாகிறது. வங்கி, வரி, அலுவலகக் கோப்பு, குடும்பப் படம் எல்லாம் இருக்கும் கணினியில் இப்படிப்பட்ட கேமை நிறுவ வேண்டாம். வேலரன்ட் 2024இல் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. அங்கே ஆடினால் அதே கேம், ஆனால் உங்கள் கணினியின் கெர்னலுக்குள் யாரும் நுழைவதில்லை. கன்சோல் வாங்க வசதியில்லாவிட்டால், பழைய கணினி ஒன்றைக் கேமுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கன்சோல்: தனி அறை, ஆனால் ஒரே நிர்வாகி

கன்சோலின் பலம் அதன் வெறுமை. அதில் உங்கள் ஆவணம் எதுவும் கிடையாது. மின்னஞ்சல் படிப்பதில்லை, கடிதம் எழுதுவதில்லை. அதில் எவ்வளவு கண்காணித்தாலும் தெரியவருவது ஆட்டமும் அரட்டையும் செலவும்தான்.

அதன் பலவீனம், எல்லாமே ஒரே நிறுவனத்தின் கணக்கில் குவிவது. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஊடுருவப்பட்டபோது சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதில் அடக்கம். சேவை மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013இல் 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. மைக்ரோசாஃப்ட் 2023இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்டிசியுடன் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெற்றோர் சம்மதம் முடியும் முன்பே குழந்தைகளின் தகவலை எக்ஸ்பாக்ஸ் சேகரித்தது, பாதியில் நின்றுபோன பதிவுகளையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு.

குரல் அரட்டையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 முதல் பிளேஸ்டேஷன் 5இல், குழு அரட்டையில் ஒருவர் தவறாகப் பேசினால் கடைசி சில நிமிடங்களிலிருந்து ஒரு பகுதியை வெட்டிப் புகாரோடு அனுப்ப முடியும். எக்ஸ்பாக்ஸிலும் 2023இல் 60 விநாடிக் குரல் துணுக்கோடு புகார் செய்யும் முறை வந்தது. இரண்டிலும் யாராவது புகார் கொடுத்தால்தான் பதிவு வெளியே போகும். கால் ஆஃப் டியூட்டி 2023இல் சேர்த்த டாக்ஸ்மாட் வேறு வகை. பேசும்போதே மென்பொருள் கேட்டு மதிப்பிடுகிறது. வசைபாடிகளால் ஆட்டத்தை விட்டே போனவர்கள் ஏராளம், அவர்களுக்கு இது தேவை என்பதை மதிக்கிறேன். ஆனால் மைக்கில் வீட்டார் பேசுவதும் விழும். பொது அரட்டையில் மைக்கை அணைத்துவைத்து, பேச வேண்டிய நேரத்தில் மட்டும் பொத்தானை அழுத்திப் பேசும் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று கன்சோல்களில் எது? தகவலைக் குறைவாகக் கேட்பது என்று பார்த்தால் நின்டெண்டோ ஸ்விட்ச். கணக்கு இல்லாமலே அந்தக் கருவிக்குள் மட்டும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு, கார்ட்ரிட்ஜ் வாங்கி ஆடலாம். பிளேஸ்டேஷன் 5இலும் டிஸ்க் கேம்களைப் பெருமளவு இப்படி ஆட முடியும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகைகளை முதன்முதலில் அமைக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணக்கு வைக்காமல் ஆட விரும்புபவர்களுக்கு அது ஒத்துவராது.

கைபேசியின் இலவசம்

என் பட்டியலில் கடைசி இடம் விளம்பரத்தில் ஓடும் கைபேசி கேமுக்கு. இங்கே இரண்டு கேள்விக்கும் வரும் பதில் மோசம். பணம் விளம்பரக்காரரிடமிருந்து வருகிறது. கருவியோ நம் வாழ்க்கை முழுவதையும் சட்டைப்பையில் சுமந்துகொண்டு கூடவே நடக்கிறது.

ஒரு விளம்பரம் திரையில் வருவதற்கு முன் நொடிப்பொழுதில் ஓர் ஏலம் நடக்கிறது. கருவியின் விளம்பர அடையாள எண், எந்தச் செயலி, ஏறக்குறைய எந்த இடம் போன்ற விவரங்கள் ஏலத்தில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கு எல்லாம் அனுப்பப்படும். விளம்பரத்தை ஒருவர்தான் வாங்குவார். விவரம் எல்லோருக்கும் போய்விடும். 2025 ஜனவரியில் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற இருப்பிடத் தரவு வணிக நிறுவனத்திலிருந்து கோப்புகள் கசிந்தன. ஆயிரக்கணக்கான செயலிகளின் பெயர்கள் அதில் இருந்தன, கேண்டி கிரஷ் உட்பட. கேமை உருவாக்கியவர்கள் அந்த நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் போட்டிருக்க வேண்டியதில்லை. விளம்பர ஏலத்தின் வழியாகவே தகவல் அங்கே சேர்ந்திருக்க முடியும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். 2014லேயே, ஆங்ரி பேர்ட்ஸ் போன்ற செயலிகளிலிருந்து கசியும் தகவலை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் குறிவைத்ததை அமெரிக்க உளவு ரகசியங்களை வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்நோடனின் ஆவணங்கள் காட்டின. தாங்கள் யாருக்கும் தரவு கொடுக்கவில்லை என்று ஆங்ரி பேர்ட்ஸை உருவாக்கிய ரோவியோ நிறுவனம் சொன்னது. அது உண்மையாகவே இருந்தாலும் ஆட்டக்காரருக்கு ஆறுதல் இல்லை.

இருப்பிடத்தை வைத்தே ஆடும் கேம்களில் இன்னொரு கோணம் இருக்கிறது. போக்கிமான் கோவை நடத்திய நியான்டிக், 2025இல் தன் கேம் வணிகத்தை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்ற நிறுவனத்திடம் விற்பதாக அறிவித்து, நிலவரைபடத் தொழில்நுட்பத்தைத் தனி நிறுவனமாகப் பிரித்துக்கொண்டது. ஒருவரை நம்பிக் கணக்கு திறந்தாலும், பின்னாளில் கணக்கு வேறொருவர் கைக்குப் போகலாம்.

ஐபோனா ஆண்ட்ராய்டா என்றால், இந்த ஒரு விஷயத்தில் ஐபோனுக்கு என் ஓட்டு. 2021 ஏப்ரல் முதல், மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர ஒரு செயலி முதலில் அனுமதி கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றால் விளம்பர அடையாள எண் அதற்குக் கிடைக்காது. ஆண்ட்ராய்டில் நாமே அமைப்புகளுக்குள் போய் விளம்பர அடையாளத்தை நீக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்றைக்கே செய்துவிடுங்கள். செயலிக் கடையில் இருக்கும் தனியுரிமைப் பட்டையையும் தரவுப் பாதுகாப்புப் பகுதியையும் பாருங்கள். அதை எழுதுவது செயலியை உருவாக்கியவர்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைபேசியில்தான் ஆடுவேன் என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஒருமுறை பணம் கொடுத்து வாங்கும் கேம், அல்லது ஆப்பிள் ஆர்கேட், கூகுள் பிளே பாஸ் போன்ற மாதச் சந்தா. விளம்பரம் போய்விட்டால் அந்த ஏலமும் போய்விடும். அநேகம் பேர் இலவசத்தை விட்டு இதற்கு மாறினால் போதும், பெரிய மாற்றமே வந்துவிடும் என்று நம்புகிறேன்.

கிளவுட் சேவைகளைப் பற்றி நீட்ட அவசியமில்லை. ஒவ்வொரு பொத்தான் அழுத்தமும் அவர்கள் சர்வருக்குப் போனால்தான் ஆட்டமே நகரும். ஆஃப்லைன் என்ற பேச்சே இல்லை. வாங்கியது கையிலும் தங்காது. கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. வலுவான கணினி இல்லாதவர்களுக்கு வசதிதான், தனியுரிமைக் கணக்கில் மதிப்பெண் குறைவு. ஒன்று மட்டும் அதற்குச் சாதகம்: கெர்னல் டிரைவர் எதுவும் நம் கணினியில் ஏறாது.

குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கும்போது

பெரியவர் தன் தகவலைக் கொடுப்பது அவர் முடிவு. குழந்தையின் தகவலைக் கொடுக்கும்போது, பின்னாளில் அது விரும்பாமல் போகக்கூடிய ஒரு பதிவை நாம் இப்போதே தொடங்கிவைக்கிறோம். அதனால் இங்கே கொஞ்சம் கறாராக இருக்கலாம்.

எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் எஃப்டிசி வழக்கில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி டாலர், 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைப் பாதுகாக்கும் காப்பா சட்டத்தை மீறியதற்கான அபராதம். ஃபோர்ட்நைட்டில் குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் இயல்பாகவே திறந்திருந்ததால் சிறுவர்கள் முன்பின் தெரியாதவர்களோடு பேச நேர்ந்தது என்பது புகாரின் முக்கியப் பகுதி. கென்ஷின் இம்பாக்ட்டை வெளியிடும் நிறுவனமும் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இதற்குத் தீர்வாக வந்த வயது சரிபார்ப்பு, தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. அரட்டை வசதிக்கு முகத்தை ஸ்கேன் செய்து வயதை மதிப்பிடும் முறையை ரோப்லாக்ஸ் என்ற கேம் தளம் கட்டாயமாக்கியது. படம் சரிபார்த்ததும் அழிக்கப்படும் என்று அது சொல்கிறது. ஆட்டக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் அரட்டைச் செயலியான டிஸ்கார்டு, 2025 அக்டோபரில், தன் வாடிக்கையாளர் உதவிப் பணியைச் செய்யும் வெளி நிறுவனம் ஒன்று ஊடுருவப்பட்டு சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை நிரூபிக்கத்தான் அவர்கள் அந்தப் படங்களைக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளை அந்நியர்களிடமிருந்து காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதற்கு விலையாக அடையாள அட்டையைக் கேட்கும் இடத்தில், அரட்டையே இல்லாமல் ஆடினால் என்ன குறைந்துபோகும் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

10 வயதுக் குழந்தைக்கு என்று யாராவது என்னிடம் கேட்டால், இணைய வசதி அணைக்கப்பட்ட ஸ்விட்ச், கார்ட்ரிட்ஜில் வாங்கிய கேம், பக்கத்தில் உட்கார்ந்து ஆட இன்னொருவர் என்பேன். பதின்வயதில் நண்பர்களோடு ஆட வேண்டும் என்று கேட்பார்கள், அது நியாயமான ஆசை. அப்போது கன்சோலில் பெற்றோர் கட்டுப்பாட்டோடு திறந்த குழந்தைக் கணக்கு போதும். அரட்டை நண்பர் பட்டியலுக்குள் மட்டும் இருக்கட்டும். பிறந்த தேதியை மாற்றிப் போட்டுப் பெரியவர் கணக்காகத் திறந்துவிடாதீர்கள். சட்டம் குழந்தைக்குத் தரும் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு பொய்யில் கழன்றுவிடும்.

வெளியேறும் செலவு

தேர்ந்தெடுக்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. கணக்கை அழித்தால் வாங்கிய கேம்கள் என்ன ஆகும்? ஸ்டீம், எபிக், கன்சோல் கடைகள் எல்லாவற்றிலும் கேமுக்கான உரிமம் கணக்கோடு கட்டப்பட்டது. கணக்கு போனால் நூலகமும் போகும். பத்தாண்டாகச் சேர்த்தவர் தனியுரிமை பிடிக்கவில்லை என்று கிளம்ப மாட்டார் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். ஜிஓஜியின் இன்ஸ்டாலரும் டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் மட்டும் கணக்கு போன பிறகும் நம்மிடம் தங்கும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25 முதல் இரண்டு உரிமைகளைத் தருகிறது: தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பெரிய தளங்கள் பலவும் மற்ற நாட்டினருக்கும் நகல் எடுக்கும் பக்கத்தைத் திறந்துவைத்திருக்கின்றன. இப்போது பயன்படுத்தும் தளத்தில் அந்த நகலை எடுத்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு எங்கே தொடர்வது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது எளிது.

ஒரு தளத்தை விட்டு வருவதென்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் தரவிறக்க முடிகிற கேம்களையும் சேமிப்புக் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, இணைத்துவைத்திருக்கும் மற்ற கணக்குகளைத் துண்டியுங்கள். சேமித்த அட்டை விவரத்தை நீக்குங்கள். தரவின் நகல் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்கப்புறம் அழிக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள். லாஞ்சரைக் கணினியிலிருந்து நீக்கினால் மட்டும் கணக்கு அழியாது. ஆன்டி-சீட் மென்பொருளும் பல சமயம் கேமை நீக்கிய பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும், அதையும் நிரல் பட்டியலில் தேடி நீக்க வேண்டும்.